நாலு மாதக் கோழி போட்ட முட்டை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அடித்தளத்து இருட்டறையில் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் சில நேரம் அதே குரல் வந்துவிடும். "என்னைச் சாப்பிடச் சொல்றியா, படம் எடுக்கப் போறியா?" என்று புருஷன் கேலி செய்வான். அவன் தொலைதூர பஸ் டிரைவர். நாலு நாள் ரோட்டில், இரண்டு நாள் வீட்டில்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய மாமனார். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் யாருக்கும் அவரைத் தபால்காரராகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கால்பந்து மைதானத்தில் நடுவராக ஓடிய மனிதர். விசில் என்றுதான் பட்டப்பெயர். மனைவி போன பிறகு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர், பதினாலு மாதத்துக்கு முன் படிக்கட்டில் சறுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து இவர்கள் வீட்டுக்கு வந்தார். பின்பக்கத்து அறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தவர் படுத்தவர்தான்.

ஆறாவது மாதம் அவரைப் படம் எடுத்தது அவளேதான். எலும்பு அழகாகக் கூடியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு தன் வேலையை முடிச்சிருச்சு. இனி நடக்க வேண்டியது அவர்தான்" என்றார். பயிற்சி கொடுக்க வந்த பெண் இரண்டு மாதம் போராடினாள். காலைக் கீழே வைத்தாலே அவர் அலறுவார். கால் பஞ்சு மாதிரி இருக்கிறது, தரையே தெரியவில்லை என்பார். கடைசியில் அந்தப் பெண்ணும் கைவிட்டுவிட்டாள்.

அதன் பிறகு எல்லாம் மருமகள் தலையில் விழுந்தது. தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, பெட்பேன் வைப்பது, புரட்டிப் போடுவது. அவர் கழுத்தில் பழைய விசில் தொங்கும். ஒரு தடவை ஊதினால் தண்ணீர், இரண்டு தடவை ஊதினால் பெட்பேன். காலை ஏழரைக்கு அவள் கிளம்பும்போது பிளாஸ்கில் டீ, தட்டில் ரொட்டி, கைக்கெட்டும் தூரத்தில் மூத்திரக் குடுவை எல்லாம் வைத்துவிட்டுப் போவாள். பன்னிரண்டரைக்கு ஓடி வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். தூக்கித் தூக்கி வலி கண்டு, அவள் இடுப்பில் பெல்ட் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் வந்தபோது, "வீட்டுச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அந்த வருத்தத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போய் ஐந்து கோழிக் குஞ்சு வாங்கி வந்தாள்.

எட்டு வாரக் குஞ்சுகள். தீவனக்கடை அக்கா அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுக்கும்போதே சொன்னாள்: "இது மெதுவா வளர்ற ஜாதி. முட்டை போட ஆறு மாசம் ஆகும். தினம் போய்க் குனிஞ்சு பார்த்துட்டு நிக்காதீங்க."

"சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தவள், மறுநாளே உடைந்த மேஜையின் இழுப்பறையைக் கழற்றி, வைக்கோல் பரப்பி, முட்டைப்பெட்டி என்று கூட்டுக்குள் வைத்துவிட்டாள். தினமும் மூன்றரைக்கு வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்குத்தான் போவாள். இழுப்பறையில் எட்டிப் பார்ப்பாள். கோழிகளின் கொண்டையைப் பார்ப்பாள், சிவந்திருக்கிறதா என்று. ஒன்றும் இருக்காது. "தின்னுறது மட்டும் வேளா வேளைக்குத் தின்னுறீங்க" என்று ஐந்தையும் திட்டுவாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாமனார் சிரிப்பார். ஒரு நாள் இருட்டறையில் ஏதோ தகராறு, மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தவள், காலி இழுப்பறையைப் பார்த்ததும் கூட்டுக்கு முன்னால் அப்படியே குந்தி, "நீங்களாவது எனக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா" என்று தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். அன்றைக்கு ஜன்னலில் சிரிப்புச் சத்தம் இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் இழுப்பறையில் முட்டை கிடந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. முட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாமனார் அறைக்கு ஓடினாள். "மாமா! மாமா! போட்டுருச்சு! நாலு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள போட்டுருச்சு!"

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் கைராசிம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வயசானால் எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து இன்னொன்று. பிறகு இரண்டு நாளில் மற்றொன்று. பத்து நாளில் நாலு முட்டை. அவள் நடையே மாறிவிட்டது. நாலாவதைச் சமைக்க மனசு வரவில்லை. துணியில் சுற்றி, பிரசவமான பெண்ணின் தாய் மாதிரி பெருமையாகத் தீவனக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"பாருங்கக்கா. ஆறு மாசம்னு பயமுறுத்துனீங்களே. என் பொண்ணுங்க போட்டது."

கடைக்கார அக்கா மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். முட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது உங்க கோழி போட்டது இல்லையே."

"என்னக்கா விளையாடுறீங்க?"

"மொத முட்டை இவ்வளவு பெருசா இருக்காது. இதுல பாதிதான் இருக்கும். சரி, இது என்ன?" முட்டையின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது. நகத்தால் அதைச் சுட்டிக் காட்டினாள்.

"ரத்தம். முதல் முட்டைல கொஞ்சம் ரத்தம் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா விரலை நாக்கில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தாள். விரல் நுனியை இவளிடம் நீட்டினாள். "இது மை. கடை முட்டைல தேதி முத்திரை குத்தியிருப்பான்ல, அதைத் தண்ணி தொட்டு யாரோ துடைச்சிருக்காங்க. சரியாத் துடைக்கல. இங்க பாருங்க, ஏழு மாதிரி பாதி தெரியுது."

அவள் பார்த்தாள். ஏழேதான்.

"யாரோ உங்களை நல்லா ஏமாத்துறாங்க" என்றாள் அக்கா, இப்போது கொஞ்சம் இளகி. "சந்தேகம்னா வீட்டுல போய்க் கோழியைப் பிடிச்சுப் பாருங்க. வாலுக்குக் கீழ ரெண்டு எலும்பு கூரா இருக்கும். முட்டை போடுற கோழின்னா நடுவுல ரெண்டு மூணு விரல் போகும். போடாததுன்னா ஒரு விரலே திண்டாட்டம். எலும்பு பாக்க உங்களுக்கா சொல்லித் தரணும்?"

வீட்டுக்கு வந்ததும் ஐந்து கோழியையும் ஒவ்வொன்றாக அக்குளில் இடுக்கி விரலால் தடவிப் பார்த்தாள். ஐந்துக்கும் அந்த எலும்புகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒரு விரல்கூட நுழையவில்லை. கடைசிக் கோழி அவளைக் கொத்திவிட்டு ஓடியது. அவள் கொல்லையின் நடுவில், கையில் இறகோடு நின்றாள். வேலி ஆள் உயரம். வேலிக்கு அப்பால் சந்து. காலையில் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் போகிறாள். பின்கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான், அதையும் மாமாவுக்குக் காற்று வரட்டும் என்று பல நாள் போடுவதில்லை. நாலு தடவை யாரோ வேலி தாண்டி வந்திருக்கிறார்கள். உள்ளே எழுந்திருக்க முடியாத மனிதர் தனியாகக் கிடக்கிறார். அவள் உள்ளே ஓடினாள்.

"மாமா, பகல்ல யாராவது கொல்லைப் பக்கம் வந்தாங்களா?"

"யாரு வருவா? நான்தான் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேனே" என்றார் அவர், விட்டத்தைப் பார்த்தபடி.

புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ டீக்கடை இரைச்சலில் நின்றிருந்தான். "நான் நாலு நாளா ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டிருக்கேன், என்னைக் கேக்குறியே! திருடன் வந்தா எடுத்துட்டுப் போவான், வச்சுட்டா போவான்?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "எதுக்கும் அப்பாவைத் தனியா விடாத" என்றான்.

கூட வேலை பார்ப்பவளிடம் பேசி மறுநாளுக்கு முறை மாற்றிக்கொண்டாள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் ஏழரைக்கு முன்வாசலைப் பூட்டினாள். தெருமுனை வரை நடந்து, சுற்றிக்கொண்டு பின் சந்துக்கு வந்தாள். தச்சுப்பட்டறைக்காரர் பழைய கதவுகளை அங்கே வேலியோரமாகச் சாய்த்து வைத்திருப்பார். அதன் பின்னால் நுழைந்து, வேலிப் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு கட்டை. வருகிறவன் யாராக இருந்தாலும் ஒரு போடு போடுவது என்று நினைப்பு.

எட்டானது. ஒன்பதானது. கால் மரத்துப் போனது. ஒன்பதே கால் இருக்கும், பின்கதவு திறந்தது. வேலிப் பக்கமிருந்து யாரும் வரவில்லை. கதவு உள்ளேயிருந்து திறந்தது.

முதலில் ஒரு கை நிலையைப் பிடித்தது. அப்புறம் மாமனார் வந்தார்.

நடந்து வந்தார். மகனுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று படியையும் எதையும் பிடிக்காமல் இறங்கினார். இடது கால் லேசாக இழுத்தது, அவ்வளவுதான். சட்டைப் பைக்குள்ளிருந்து முட்டையை எடுத்தார். கூட்டுக்கு முன்னால் குனிந்தார். உடைந்து கூடிய அந்த இடுப்பை மடக்கி, முழங்காலை வளைத்துக் குனிந்தார்.

"என்னடீ, இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா? எத்தனை நாளைக்கு உங்களுக்காக நான் ஆஜர் குடுக்குறது? அவ மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல எனக்கு."

கூட்டைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார். கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பினார். நடந்தார். அப்புறம் அவள் கண்ணெதிரிலேயே, மைதானத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கும் நடுவரைப் போல, முகம் இந்தப் பக்கம் இருக்க, பின்னோக்கிச் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினார்.

அவள் கையிலிருந்த கட்டை விழுந்தது. நல்லவேளை, சேற்றில் விழுந்ததால் சத்தம் வரவில்லை.

முதல் ஒரு மூச்சு நேரம் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். நடக்கிறாரே! ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடுத்த மூச்சில் இன்று காலை அவரைத் தூக்கி உட்கார வைத்தது ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. "மெதுவாம்மா, வலிக்குது" என்று அவர் முனகியது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தது. கதவுகளுக்குப் பின்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எப்போது எழுந்தாள், எப்படி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஸ்கள் வந்து போயின. ஒரு கண்டக்டர் "ஏறலையாம்மா?" என்று கேட்டார். கையை ஆட்டி அனுப்பினாள். மனசு மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் வந்து பார்த்தால் மூத்திரக் குடுவை காலியாக இருக்கும். "தண்ணியே குடிக்க மாட்டேங்கிறீங்க மாமா, கிட்னி போயிரும்" என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். ஃபிரிட்ஜில் முட்டை குறையும்போதெல்லாம் புருஷன்தான் தின்று தீர்க்கிறான் என்று நினைத்தாள். அவருடைய கெண்டைக்கால்! தினமும் துடைக்கிற கால். பதினாலு மாதம் படுத்தவர் கால் குச்சியாகிவிடும். அவர் கால் கல் மாதிரி இருந்தது. ஊரார் உடம்பையெல்லாம் ஊடுருவிப் பார்க்கிறவள், கையில் பிடித்துத் துடைத்த காலைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரை ஆனதும் கால் தானாக வீட்டுக்குப் போனது. பூட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து விசில் வந்தது. இரண்டு தடவை.

அவள் உள்ளே போய்ப் பெட்பேனை எடுத்தாள். அவரைப் புரட்டினாள். வைத்தாள். திரும்பி நின்றாள். எடுத்துக் கழுவினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தாள்.

"என்னம்மா, முகம் வெளுத்திருக்கு?"

"வேலை ஜாஸ்தி."

"கோழி ஏதாவது போட்டிருக்கான்னு பாரேன்."

போய்ப் பார்த்தாள். இருந்தது. எடுத்து வந்து காட்டினாள். "நல்ல பெருசு" என்றாள். அவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

மூன்று நாள் இப்படியே போனது. ஆஸ்பத்திரியில் வலது கைக்குப் பதில் இடது கையைப் படம் எடுத்து, ஒரு கிழவரிடம் திட்டு வாங்கினாள். மாமனார் எதிரில் போய் நின்று கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அறைக்குள் நுழைவாள். அவர் முகத்தைப் பார்த்ததும் போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவாள். கேட்டுவிட்டால் அதற்கு ஒரு பதில் வரும். அந்தப் பதிலை நினைத்துத்தான் பயந்தாள். என்னைப் பார்த்தால் இளக்காரமாகத் தெரிந்ததா என்பதுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி.

நாலாம் நாள் காலை. போர்வை மாற்ற வேண்டும். அவர் அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்தாள். இடுப்பில் 'சுளீர்' என்றது. கத்தக்கூட முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தவள் நழுவி, முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் தரையில் விழுந்தாள். மூச்சு விட்டால் குத்தியது. புரள முடியவில்லை. சிமெண்டுத் தரையில் கன்னம் பதிய, கட்டிலுக்குக் கீழே கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். புருஷனுடைய பழைய செருப்பு. அடியில் கொல்லை மண்.

கட்டிலில் எந்தச் சத்தமும் இல்லை. அவர் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்ததோ, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு வெறுங்கால்கள் தரையில் இறங்கின.

அவர் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். "அசையாத. மைதானத்துல நான் நிறையப் பாத்திருக்கேன். முழங்காலை மட்டும் மெல்ல மேல கொண்டா." தலையணையை எடுத்து அவள் கால்களுக்கு நடுவில் வைத்தார். சமையலறைக்குப் போனார். சுடுதண்ணீர் பாட்டிலோடு வந்தார். துணி சுற்றி அவள் இடுப்புக்குக் கொடுத்தார். போக வர அவர் கால் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

கால் மணி நேரம் கழித்து அவளைத் தாங்கித் தூக்கித் தன் கட்டிலில் படுக்க வைத்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நீ ஆச்சரியப்படலையே."

"மூணு நாளா ஆச்சரியப்பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். ரிவர்ஸ்ல ஓடுனீங்களே, அதையும் பார்த்தேன்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்போலேருந்து?" என்றாள்.

"நாலு மாசம்."

"நாலு மாசம்!"

"ஒரு நாள் பால் கருகுச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மத்தியானம் வந்து பார்த்தபோது பால் பாத்திரம் அடியெல்லாம் கரியாக, அடுப்பு அணைந்து, ஜன்னல் திறந்து கிடந்தது. காலையில் அவசரத்தில் தானே அணைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று நினைத்துத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"நீ அணைக்கல. நீ போய்க் கொஞ்ச நேரத்துல இந்த அறையெல்லாம் புகை. விசில் ஊதுறேன், ஊதுறேன், தெருவுல ஒரு நாதியும் இல்ல. துணி ஒண்ணு பத்திக்கிச்சு. உயிர் பயம்மா. எப்படி இறங்குனேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போய் அணைச்சேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பார்க்கிறேன், நான் நின்னுட்டிருக்கேன்."

அன்று இவர் எழுந்திருக்காவிட்டால், மத்தியானம் பூட்டைத் திறந்தபோது என்ன பார்த்திருப்பாள்? இடுப்பு வலி மறந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னா நீ அடுப்பை விட்டுட்டுப் போனது வெளிய வரும். அவன் கோபக்காரன். உன்னைத்தான் கேப்பான். அதான் சொல்லல" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "அது முதல் நாளுக்கு. மிச்ச நாலு மாசத்துக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நடக்க ஆரம்பிச்சா மறுபடி அந்த மூணாம் மாடிதானே. அங்க ஒரு நாளைக்கு என் குரலை நானே கேக்க மாட்டேன். இங்க நீ தலை வாரி விடுற. திட்டுற. கோழிகிட்ட சண்டை போடுற. நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு... நாள் ஆக ஆக, சொன்னா மூஞ்சில முழிக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு நீ கூட்டுக்கிட்ட உக்காந்து அழுதியே, அதுக்கு என்னால வேற என்ன செய்ய முடியும்? முட்டைதான் வைக்க முடிஞ்சுது."

"எழுந்து வந்து என் பக்கத்துல நின்னிருக்கலாமே மாமா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "என் இடுப்பு போச்சு. எனக்கு வந்த பயிற்சி போச்சு. நீங்க ஜன்னல் வழியா அதெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

பயிற்சிக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவள் சொல்லி முடித்ததும், அந்த வயதான மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மாறி மாறி இரண்டு கையாலும் தன் தொடையை அடித்துக்கொண்டார். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் புருஷன் வந்தான். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தது அப்பா. "வா" என்றார். அவன் கையிலிருந்த பை நழுவிப் படியில் உருண்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். "அப்பா" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். கதையைக் கேட்டதும் அந்த அழுகை அப்படியே கோபமாகத் திரும்பியது.

"அவ பெல்ட் போட்டுக்கிட்டு உங்களைத் தூக்குறா! நீங்க என் செருப்பை மாட்டிக்கிட்டு வாக்கிங் போறீங்களா? அந்நியன்கூட இப்படிச் செய்ய மாட்டான்!"

அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பால் விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் சோபாவில் படுத்தபடியே அவர் சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று தெரிந்ததும் அவளே சொன்னாள்.

"அடுப்பை அணைக்காம நான்தான் போயிட்டேன். வீட்டோட எரிஞ்சிருப்பாரு. அதையும் கேட்டுட்டுக் கத்துங்க."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கத்துவதற்கு யாரும் மிச்சமில்லாதவன் போல, போய்ப் பையைப் பொறுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இடுப்பு தேற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மாமனார்தான் சமைத்தார், துணி துவைத்தார், கூட்டைக் கழுவினார். அவள் அவரிடம் அவசியத்துக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. பேச்சு வரவில்லை. ஒரு நாள் அவரே, மைதானத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு அறை பார்த்துவிட்டதாகச் சொன்னார். "இருங்க" என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. "சரி மாமா" என்றாள். அவளும் புருஷனுமாகத்தான் சாமான் ஏற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் மறுபடி எழுதினாள். அடுத்த அணியில் இடம் கொடுத்தார்கள். அவள் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்ததால், கோழிகளை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. "நான் வந்து பாத்துக்கறேன், அதுக்கு மட்டும் சாவி குடு" என்று போனில் கேட்டார். கொடுத்தாள்.

கோழிகளுக்கு ஆறரை மாதம் ஆனபோது, வகுப்பு நடுவில் அவளுக்குப் போன் வந்தது.

"ஒண்ணு கிடக்கு. நான் தொடல. நீயே வந்து பாரு."

சாயங்காலம் வந்தாள். அவர் கூட்டிலிருந்து பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெனால்டி உதையைப் பார்க்கிற நடுவர் மாதிரி விறைப்பாக நின்றிருந்தார். இழுப்பறையில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு முட்டை. மேலே சிவப்பாக ஒரு கீற்று. அவள் விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். கொண்டை சிவந்திருந்த கோழியைப் பிடித்து எலும்பைத் தடவினாள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"நீங்க வைக்கலையே?"

"அம்மா சத்தியமா இல்ல" என்றார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த முட்டையைப் பொரித்து மூன்றாக வெட்டினார்கள். ஆளுக்கு ஒரு வாய்கூட வரவில்லை. புருஷன் பங்கை மூடி வைத்தாள். உண்மை வெளிவந்து எட்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவரும் அவளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டது. கோழி தின்பது, தீவன விலை, பயிற்சி வகுப்பு என்று ஏதேதோ பேசினார்கள்.

இப்போது அவள் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறாள். காலை பஸ் மைதானத்தைச் சுற்றித்தான் போகும். சில நாள் அவர் கையில் தீவனப் பையோடு சாலையைக் கடந்துகொண்டிருப்பார். வேகமாக, நிமிர்ந்து, வண்டிகளைக் கையால் நிறுத்திக்கொண்டே. அவள் ஜன்னலோரம் இருந்தால் கையசைப்பாள். அவரும் அசைப்பார். ஆனால் அவரை எழுந்து நிற்கிற ஆளாகப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், முதல் ஒரு நொடி, அவள் நெஞ்சு இன்னும் திக்கென்று நின்றுதான் பிறகு அடிக்கிறது.